வளரும் நகரத்தில் குறையும் மக்கள்: சின்சினாட்டி மறுசீரமைப்பின் கணக்கு

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில், ஓஹையோ ஆற்றங்கரையில் அமைந்த நடுத்தர நகரம் சின்சினாட்டி. 1950இல் 5,03,998 ஆக இருந்த அதன் மக்கள்தொகை அடுத்த அறுபது ஆண்டுகளும் தொடர்ந்து சரிந்து, 2010இல் 2,96,943 ஆனது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அது மீண்டும் ஏறி 3,09,317ஐ எட்டியது. நகர மையத்தில் இரண்டு பத்தாண்டுகளாக நடந்துவரும் மறுசீரமைப்புக்குக் கிடைத்த வெற்றி என்று இந்த உயர்வு கொண்டாடப்படுகிறது.

அதே கணக்கெடுப்புகள் வேறொன்றையும் சொல்கின்றன. 2010இல் நகர மக்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். 2020இல் அது ஏறக்குறைய 41 விழுக்காடாகியது. மொத்த மக்கள்தொகை பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் கூடிய பத்தாண்டில், கறுப்பின மக்களின் எண்ணிக்கை சில ஆயிரம் குறைந்திருக்கிறது. ஆகவே, நகரம் வளர்ந்ததா என்று கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்ள முடியாது. முன்பு அங்கே வாழ்ந்தவர்கள் அந்த வளர்ச்சிக்குப் பின்னும் அங்கே வாழ்கிறார்களா என்பதே நம் கேள்வி.

எண்ணிடப்பட்ட வீடுகள்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் தென்மாநிலங்களின் நிறவெறியிலிருந்து தப்பி வடக்கே வந்த கறுப்பின மக்களில் பெரும்பாலோருக்குச் சின்சினாட்டியில் கிடைத்த இடம் வெஸ்ட் எண்ட். பிற பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்கவும் வாடகைக்கு விடவும் வெள்ளையர்கள் மறுத்தனர். 1930களில் நடுவண் அரசு நிறுவனங்கள் வரைந்த வரைபடங்களில் கறுப்பினக் குடியிருப்புகள் ஆபத்தானவை எனச் சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டன. அங்கே வீட்டுக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லாததால் வீடுகள் பழுதுபார்க்கப்படவில்லை. பழுதடைந்த வீடுகளைச் சான்றாகக் காட்டி, அது ‘சீரழிந்த பகுதி’ என்று பின்னர் அரசே அறிவித்தது.

அந்த அறிவிப்புக்குச் சட்டத்தின் துணையும் இருந்தது. 1949ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம், இத்தகைய பகுதிகளைக் கையகப்படுத்தி இடித்துத் தனியாருக்கு விற்பதால் நகராட்சிக்கு ஏற்படும் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கை நடுவண் அரசு ஏற்கும் என்றது. 1954இல் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில், அவ்வாறு எடுத்த நிலத்தைத் தனியாரிடம் ஒப்படைப்பதும் பொதுநோக்கமே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளின் செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசின் பொறுப்பாக்கியது.

இவற்றைக் கொண்டு வெஸ்ட் எண்டின் கீழ்ப்பகுதியில் நிறைவேற்றப்பட்டதே ‘கென்யன்-பார்’ திட்டம். 1950களின் இறுதியில் தொடங்கிய அத்திட்டம் 25,737 மக்களை வெளியேற்றியது. அவர்களில் 97 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். வீடுகள், கடைகள், தேவாலயங்கள் என 2,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இடிக்கப்பட்டன. இடிப்பதற்கு முன் நகராட்சி ஊழியர்கள் ஒவ்வொரு கட்டடத்தின் முன்பும் எண் பொறித்த பலகையுடன் நின்று ஒளிப்படம் எடுத்துக்கொண்டனர். கட்டடங்களுக்கு இவ்வளவு துல்லியமாகப் பதிவேடு வைத்த நிர்வாகம், அவற்றுள் வாழ்ந்த மக்களின் மறுவாழ்வில் அதே அக்கறையைக் காட்டவில்லை. அவர்களில் பெரும்பாலோர் வாடகைதாரர்கள். ஆகவே நிலத்துக்கான விலை அவர்கள் கைக்கு வரவில்லை. நடுவண் நிதி பெறும் எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான மறுகுடியமர்வுச் சட்டம் 1970இல்தான் இயற்றப்பட்டது.

அந்த இடத்துக்குக் குவீன்ஸ்கேட் என்று புதுப்பெயர் சூட்டப்பட்டது. இன்று அங்கே கிடங்குகளும் தொழிற்கூடங்களும் வாகன நிறுத்தங்களும் விரைவுச் சாலையும் இருக்கின்றன. வெளியேற்றப்பட்டவர்கள் அவண்டேல், வால்நட் ஹில்ஸ், ஓவர்-த-ரைன் முதலிய பகுதிகளில் நெருக்கியடித்துக் குடியேறினர்.

இரண்டாவது அலை

ஓவர்-த-ரைன் நகர மையத்தை ஒட்டிய பகுதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானியக் குடியேறிகள் எழுப்பிய செங்கல் கட்டடங்கள் நிறைந்தது. அவர்களின் வழித்தோன்றல்கள் புறநகருக்குச் சென்ற பின், ஏழை வெள்ளையர்களும் கறுப்பின மக்களும் அங்கே வாழ்ந்தனர். 2001 ஏப்ரல் 7 அன்று டிமொத்தி தாமஸ் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞர், ஆயுதம் ஏதுமில்லாத நிலையில், அங்கே ஒரு காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டார். பல நாள்கள் நீடித்த கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியாளர்களின் கோரிக்கை நீதி. 2002இல் கையெழுத்தான காவல்துறைச் சீர்திருத்த உடன்படிக்கை அதற்குக் கிடைத்த ஒரு பதில்.

மற்றொரு பதில் நிலச்சந்தையிலிருந்து வந்தது. 2003இல் நகர நிர்வாகமும் அந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பெருநிறுவனங்களின் தலைவர்களும் சேர்ந்து ‘3சிடிசி’ என்ற மேம்பாட்டுக் கழகத்தை உருவாக்கினர். சட்டப்படி அது இலாப நோக்கற்ற தனியார் அமைப்பு. அதன் இயக்குநர் குழுவை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. ஆனால் பொது நிலமும் பொது நிதியும் அதன் வழியே கைமாறின. நூறு கோடி டாலருக்கும் மேலான முதலீட்டில் பழைய கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. பூங்கா சீரமைக்கப்பட்டது. உயர்தர உணவகங்களும் மதுக்கூடங்களும் வந்தன. 2016இல் டிராம் ஓடத் தொடங்கியது.

இம்முறை ஒரு வட்டாரம் முழுவதையும் இடித்துத் தரைமட்டமாக்க வேண்டியிருக்கவில்லை. வாடகை உயர்வே அந்த வேலையைச் செய்தது. மிகக் குறைந்த வருமானமுள்ளோர் வாடகை கொடுத்து வாழக்கூடிய வீடுகள் 2002இல் அப்பகுதியில் 3,235 இருந்தன. 2015இல் எஞ்சியவை 869. வெளியேற்ற ஆணை எதுவும் பிறப்பிக்கப்படாததால் இதற்கு எவரும் பொறுப்பேற்கவும் இல்லை.

பொதுப்பணம் யாருக்குச் சேர்ந்தது?

மறுசீரமைப்பை ‘தனியார் முதலீடு’ என்று அழைப்பது வழக்கம். அதன் அடித்தளத்தில் இருப்பது மக்கள் வரிப்பணம். 1996இல் சின்சினாட்டியை உள்ளடக்கிய ஹாமில்டன் மாவட்டத்தில், கால்பந்து அணிக்கும் பேஸ்பால் அணிக்கும் இரண்டு அரங்குகள் கட்ட விற்பனை வரியை அரை விழுக்காடு உயர்த்தும் முடிவு வாக்கெடுப்பில் நிறைவேறியது. விற்பனை வரி, ஏழையின் வருமானத்தில் பெரும்பங்கையும் செல்வரின் வருமானத்தில் சிறுபங்கையும் எடுக்கும் இயல்புடையது. அவ்வரி வருவாயின் ஒரு பகுதி, சொந்த வீடு வைத்திருப்போருக்குச் சொத்துவரித் தள்ளுபடியாகத் திருப்பித் தரப்படும் என்றும் உறுதியளிக்கப்பட்டது. வாடகை வீட்டில் வாழ்பவர் வரியைச் செலுத்துவார். தள்ளுபடி வீட்டு உரிமையாளருக்குப் போகும். வீட்டுரிமை நிறத்தின் அடிப்படையில் மறுக்கப்பட்ட ஒரு நகரத்தில் இதை நிறப் பாகுபாடு கொண்ட வரிக்கொள்கை என்றே நாம் மதிப்பிடுகிறோம்.

புதிய கட்டடங்களுக்கான வரிவிலக்கும் இத்தகையதே. ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பதால் கூடும் மதிப்புக்குப் பத்து, பதினைந்து ஆண்டுகள் சொத்துவரி இல்லை. விலையுயர்ந்த வீட்டுக்குச் சலுகையும் பெரிது. பக்கத்துத் தெருவில் பழைய வீட்டில் வாழும் முதியவருக்கோ, நிலமதிப்பு உயர்ந்ததால் வரி கூடுகிறது. 2023இல் நகர மன்றம் இவ்விதிகளைத் திருத்தி, முதலீடு குறைந்த பகுதிகளுக்குக் கூடுதல் சலுகை வழங்கியது. இது பல ஆண்டுக் கோரிக்கைக்குக் கிடைத்த பலன். அதற்குள் நகர மையத்தின் பெரும்பகுதி கைமாறிவிட்டது.

வெஸ்ட் எண்டில் எஞ்சியிருந்த பகுதியிலும் 2018இல் ஒரு சாக்கர் அரங்கு முன்மொழியப்பட்டது. குடியிருப்போர் பலர் கூட்டங்களில் எதிர்த்துப் பேசினர். நகர மன்றம் 5க்கு 4 என்ற வாக்குக் கணக்கில் உள்கட்டமைப்புக்கு நிதி ஒதுக்கியது. கறுப்பின மாணவர்கள் மிகுந்த பள்ளியின் விளையாட்டரங்கம் இடிக்கப்பட்டு அருகில் வேறொன்று கட்டித் தரப்பட்டது. 2021இல் புதிய அரங்கு திறக்கப்பட்டது. கென்யன்-பாரில் இழந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அறுபது ஆண்டுகளுக்குப் பின் அதே வெஸ்ட் எண்டில் அதே அச்சத்தை எதிர்கொண்டனர்.

எதிர்வாதமும் நம் பதிலும்

இத்திட்டங்களால் நன்மையே இல்லை என்று நாம் கூறவில்லை. ஓவர்-த-ரைனில் நூற்றுக்கணக்கான கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன. அவை இடிந்து விழாமல் காக்கப்பட்டன. வேலைகள் உருவாயின. நகராட்சியின் வருவாயும் கூடியது. ‘இதைச் செய்யாவிட்டால் நகரமே அழிந்திருக்கும்’ என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு.

ஆனால் ஓர் இடத்தின் சராசரி வருமானம் இரண்டு வழிகளில் உயரலாம். அங்கே வாழும் ஏழைகளின் வருமானம் உயரலாம். அல்லது ஏழைகள் வெளியேறி, வசதியுள்ளோர் அங்கே குடியேறலாம். புள்ளிவிவரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத எந்த வளர்ச்சி அறிக்கையையும் நாம் ஐயத்துடனேயே படிக்க வேண்டும்.

மன்னிப்புக்கு அப்பால்

2023இல் சின்சினாட்டி நகர மன்றம் கென்யன்-பார் அழிப்புக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது. வரலாற்றை ஒப்புக்கொண்டது வரவேற்கத்தக்கது. எனினும், நிலம் திரும்பவில்லை. ஒரு தலைமுறை சேர்த்திருக்கக்கூடிய சொத்தும் திரும்பவில்லை.

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் தலைப்பிலேயே ‘மேம்பாடு’, ‘அகற்றுதல்’ என்ற இரு சொற்களும் அருகருகே நிற்கின்றன. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் தலித்துகள். நிறமும் சாதியும் வெவ்வேறு அமைப்புகள். ஆயினும் முதலில் ஒரு மக்களை ஓரிடத்தில் அடைப்பது, பிறகு அவ்விடத்தைப் புறக்கணிப்பது, இறுதியில் அப்புறக்கணிப்பையே காரணம் காட்டி அவர்களை அகற்றுவது என்ற வரிசை இரண்டுக்கும் பொதுவானது.

ஆகவே எந்த நகர மறுசீரமைப்புத் திட்டத்திடமும் நாம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை உள்ளன. இப்போது அங்கே வாழ்வோரின் முழுமையான கணக்கெடுப்பு எங்கே? அதே இடத்தில், அவர்களால் கொடுக்க இயலும் வாடகையில், எத்தனை வீடுகள் கட்டப்படும்? வாடகைதாரரின் திரும்பிவரும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுள்ளதா? அவ்வொப்பந்தம் மீறப்பட்டால் வரிச்சலுகை திரும்பப் பெறப்படுமா? ஐந்தாண்டு, பத்தாண்டு கழித்து அதே குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்பதை யார் பதிவு செய்வார்கள்? இடிக்கும் இயந்திரம் வரும் முன்பே, முதல் கூட்டத்திலேயே இக்கேள்விகளுக்கு எழுத்துவடிவில் விடை பெறுவது இயக்கங்களின் பணி.