மெலிந்த குதிரைகள்

லிவர்ப்பூலை அடுத்த ஐன்ட்ரீ மைதானத்தில் ஆண்டுதோறும் ஏப்ரலில் நிகழும் கிராண்ட் நேஷனல் பந்தயம் நெருங்கியதும், ஆங்கிலப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் ஜோதிட நிலையங்களாக மாறிவிடுகின்றன. இந்த வாரம் நான் வாசித்த கட்டுரையொன்று, முன்னணியிலுள்ள நாலைந்து குதிரைகளைத் தவிர மற்றவற்றை ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம் என்று தீர்க்கதரிசியின் தோரணையில் தீர்ப்பளித்ததைக் கண்டு எனக்கு உண்டான எரிச்சல் இன்னும் தணிந்தபாடில்லை.

நாலேகால் மைலுக்கும் அதிகமான தூரம், முப்பது தாண்டல்கள், முப்பத்து நான்கு குதிரைகள், போதாக்குறைக்குத் திறமை மிகுந்த குதிரையின் முதுகில் அதிக எடையை ஏற்றிச் சமன் செய்யும் விதி ஆகிய இத்தனையும் சேர்ந்த ஓர் ஓட்டத்தில், 'ஃபேவரிட்' என்ற பட்டம் பெரும்பாலும் ஜனங்களின் பணப்பை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையே தெரிவிக்கிறது. குதிரையின் கால்களைப் பற்றி அது சொல்வது சொற்பம். 1967இல் ஒன்றுக்கு நூறு என்ற விலையில் ஓடிய ஃபாய்னாவன் மிகவும் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. அதன் பயிற்சியாளரே அன்று வேறொரு மைதானத்துக்குப் போயிருந்தார். இருபத்து மூன்றாம் தடையருகே, ஜாக்கியை இழந்த குதிரையொன்று குறுக்கே பாய, முன்னே சென்றவை யாவும் ஒன்றன்மேல் ஒன்று மோதித் தடுமாறி நிற்க, பின்னால் வந்த ஒரே காரணத்தால் வழி கண்டு தாண்டிய ஃபாய்னாவன் முதலாவதாக வந்தது. ஃபேவரிட்டாகிய ஹனி எண்ட் இரண்டாவதாக வந்தது.

ஆயினும் அது அதிர்ஷ்டத்தின் லீலை. யாரும் மதியாத குதிரையை அறிந்தே தேர்ந்தெடுத்த ஒருவனைக் காண வேண்டுமாயின் நளனிடம்தான் போகவேண்டும். மறுபடியும் நளனா என்று இப்பத்தியின் பழைய வாசகர்கள் பெருமூச்செறிவது எனக்குக் கேட்காமலில்லை. புகழேந்தியின் வெண்பாவை நான் எத்தனை முறை கொண்டாடியிருந்தாலும், இந்தக் காட்சியின் விஸ்தாரத்துக்காக இம்முறை வியாசரின் வன பருவத்துக்கே அவர்களை அழைத்துப் போகிறேன்.

தமயந்திக்கு மறு சுயம்வரம் என்று கேள்வியுற்ற அயோத்தி மன்னன் இருதுபன்னன், ஒரே பகலில் விதர்ப்பத்தை அடையத் தேர் பூட்டச் சொன்னபோது, வாகுகன் என்ற சாரதியாக உருமாறியிருந்த நளன் இலாயம் முழுவதையும் ஆராய்ந்து, விரிந்த நாசியும் நல்ல சுழிகளும் வாய்ந்த, ஆனால் உடல் மெலிந்த குதிரைகளையே கொண்டுவந்து நிறுத்தினான். என்னைப் பரிகசிக்கிறாயா என்று அரசன் சினந்தான். தேர் புறப்பட்டது, நழுவி விழுந்த மேலாடையை எடுக்கச் சொல்லி அரசன் வாய் திறப்பதற்குள் அது ஒரு யோசனை தூரம் பின்தங்கிவிட்டது.

வழியில் நின்ற தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் ஒரே பார்வையில் எண்ணிச் சொன்னவனும் அதே இருதுபன்னன்தான். எண்ணற்றவற்றை எண்ணத் தெரிந்த அந்த மன்னனுக்கு மெலிந்த குதிரையின் ஆற்றல் புலப்படவில்லை. அசுவ சாஸ்திரத்தில் இணையற்ற நளனோ, சூதின் கணக்கறியாமல் புட்கரனிடம் ராஜ்யத்தையே தோற்றிருந்தான். சூதின் வித்தையை இருதுபன்னனிடமிருந்து நளன் பெற்ற கணத்தில்தான், அவனைப் பீடித்திருந்த கலி விட்டு நீங்கினான். இரண்டு வித்தைகளும் ஒருவனிடம் சேர்வதற்கு ஒரு மகாபாரதம் வேண்டியிருந்தது. நம் நிபுணர்களுக்கோ அரைப் பக்கம் போதுமானதாயிருக்கிறது.

பத்திரிகாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: இவ்வாண்டின் ஆரூடத்தை வெளியிடும்போது, அதே நிபுணர் சென்ற ஆண்டு சொன்னதையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். வாசகர்களுக்கு வேறு எச்சரிக்கை எதுவும் தேவைப்படாது.