“இன்ஷா அல்லாஹ், நாளைக்கு!”



மாலை மக்தபில் பாடம் ஒப்புவிக்காத மாணவரிடம் காரணம் கேட்டால், தயங்காமல் வரும் விடை ஒன்றுண்டு: “இன்ஷா அல்லாஹ், நாளைக்கு ஒப்புவிக்கிறேன் ஹஜ்ரத்!” பத்தாம் வகுப்பு பயிலும் மாணவர் ஒருவர் ஒரு வாரம் இவ்வாறே சொல்லி வந்தார். பள்ளிப் பாடத்தின் நிலையும் இதுவே என்று அவருடைய தாயார் வந்து கலங்கினார். “புத்தகத்தை விரித்துத்தான் வைத்திருக்கிறான் ஹஜ்ரத், கண்ணெல்லாம் செல்போனில் இருக்கிறது” என்றார். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதங்களே இருந்தன.

அந்த நற்சொல்லை இறைவன் நமக்கு எதற்காகக் கற்றுத் தந்தான்? நாளை ஒன்றைச் செய்வதாகக் கூறும்போது, அல்லாஹ் நாடினால் என்று சேர்க்காமல் கூறலாகாது எனத் திருமறையின் 18ஆம் அத்தியாயம் (வசனங்கள் 23, 24) அறிவுறுத்துகிறது. நாளை நம் கையில் இல்லை என்பதை நினைவூட்ட வந்த சொல் அது. நாமோ, நாளை நம் கையில் இருப்பதாக எண்ணி, இன்றைய கடமையைத் தள்ளிப்போட அதனையே திரையாக்கிக் கொள்கிறோம்.

இந்நோய்க்கு அரபியில் ‘தஸ்வீஃப்’ என்று பெயர். வருங்காலத்தைக் குறிக்கும் ‘ஸவ்ஃப’ என்னும் சொல்லிலிருந்து பிறந்தது அது. ‘செய்வேன், செய்வேன்’ என்று சொல்லிக்கொண்டே காலத்தைக் கழிப்பதே அது.

சோம்பேறிகளை மட்டுமே இது பற்றும் என்று எண்ணற்க. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு (கி.பி. 630) தபூக் படை ஆயத்தமானபோது, நபித்தோழர் கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் வலிமையும் வசதியும் பெற்றிருந்தார்கள், இரண்டு ஒட்டகங்களும் வைத்திருந்தார்கள். ஆயினும் பயணத்திற்கு ஆயத்தம் செய்யப் புறப்படுவதும், ஒன்றும் செய்யாமல் திரும்புவதுமாக நாட்கள் கழிந்தன. நினைத்தபோது முடித்துவிடலாம் என்னும் நம்பிக்கையே தடையாயிற்று. படை சென்றுவிட்டது, எட்டிப் பிடிக்கும் எண்ணமும் கைகூடவில்லை. பின்னர்ப் பொய்ச்சாக்கு ஏதும் கூறாது அண்ணலாரிடம் (ஸல்) உண்மையை ஒப்புக்கொண்டார்கள். எவரும் பேசாத ஐம்பது நாட்களுக்குப் பின்னரே மன்னிப்புக் கிட்டியது. அவர்களே விவரித்த இந்நிகழ்ச்சி புகாரியில் பதிவாகியுள்ளது. நேரம் நிறைய இருக்கிறது என்னும் எண்ணமே இந்நோயின் வேர்.

நம் தமிழகத்துச் சான்று ஒன்றும் உண்டு. டாக்டர் அப்துல் கலாம் அவர்கள் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் பயின்றபோது, அவருடைய விமான வடிவமைப்புப் பணி திருப்தியாக இல்லையென்று பேராசிரியர் சீனிவாசன் கண்டித்தார். மாணவர் ஒரு மாத அவகாசம் வேண்டினார். மூன்று நாட்கள்தாம், தவறினால் உதவித்தொகை நிற்கும் என்றார் பேராசிரியர். இரவு உணவையும் விடுத்து வரைபலகையின் முன் அமர்ந்த கலாம், அவருடைய பாராட்டையே பெற்றார். ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் இதனைக் காணலாம். ‘நாளை’ பறிக்கப்பட்டபோது ‘இன்று’ கிடைத்தது!

நம் காஞ்சியின் தறியும் இதனையே கற்பிக்கிறது. கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள். நெய்பவர் ஒருவர், உடனிருந்து உதவுபவர் ஒருவர். ஒருவர் பார்வை சிதறினால் இருவர் வேலையும் நிற்கும். பாவில் இழை அறுந்தால் அப்போதே முடிச்சிடுவர். விட்டுவிட்டு நெய்தால் குறை நீண்டுகொண்டே போகும்.

அறுந்த இழையை ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். “சரி, நாளைக்கு” என்று விட்டது என் தவறு. மறுநாள் அம்மாணவரை என் முன்னிலையில் அமர்த்தி, முழுப் பாடத்தையும் கேளாமல், “ஐந்து வரிகள் மட்டும் ஓதுங்கள்” என்றேன். ஒரு வாரம் தள்ளிய பாடம் கால் மணி நேரத்தில் முடிந்தது! அவருக்கே வியப்பு.

பெற்றோர்களே! மஃரிபு முதல் இஷா வரை, பிள்ளையின் செல்போன் மட்டுமன்று, உங்களுடையதும் வேறோர் அறையில் இருக்கட்டும். உடனிருப்பவர் கண்ணும் தறியிலேயே இருக்க வேண்டுமல்லவா? ‘நன்றாகப் படி’ என்று பொதுவாகக் கூறாமல், ‘இந்த ஒரு பக்கம்’ என்று எல்லை குறித்துக் கொடுங்கள். முதல் வரியை ஓதிவிட்டு, எஞ்சியதற்கு “இன்ஷா அல்லாஹ்” சொல்லட்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நேரத்தில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.