பழைய சங்கிலி ரம்பம் வாங்குவோர்க்கு

பிழைப்புக்கெனப் பழைய சங்கிலி ரம்பம் வாங்கும் அன்பர்கள், அது உறுமுவதைக் கேட்டு மயங்கிவிட வேண்டாம். சைலன்ஸரைக் கழற்றச் செய்து, புகைத்துளை வழியே பிஸ்டனைப் பாருங்கள். அப்பக்கம் மட்டும் நெடுக்குக் கீறல்கள் இருப்பின், பெரும்பாலும் மிகுந்த சூடே காரணம். சுற்றிலும் கீறியிருப்பின் எண்ணெய் கலவாத பெட்ரோல் ஊற்றினரோ என்று ஐயுறலாம். சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை அகற்றிவிடலாம்; உட்பூச்சே உரிந்திருப்பின் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும். விலை பேசும்போது இது நினைவிலிருக்கட்டும்.

புதுப் பிஸ்டன் போட்டதும் வேலை முடிந்ததென்று கைகழுவும் மெக்கானிக்குகள் உண்டு. கிராங்க் சீல் வழியே காற்று புகுந்தால் கலவையில் பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து, புதியதும் அதே கதியடையும். காற்றழுத்தச் சோதனை செய்யாமல் எஞ்சினை ஓட்டலாகாது. 50க்கு 1 என்று குறித்த எஞ்சினுக்கு, லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய்.