காட்டுப்பன்றியைச் சுட எந்தத் துப்பாக்கி? திருச்சி விவசாயிகள் கவனிக்க வேண்டிய '3 கி.மீ.' கணக்கு

திருச்சி, துப்பாக்கி தயாராகும் ஊர். 1966-ல் தொடங்கிய இங்குள்ள துப்பாக்கித் தொழிற்சாலையில் ராணுவத்துக்கான ரைஃபிள்களும் வருகின்றன, 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் வருகிறது. அதே மாவட்டத்தில்தான் பச்சமலை அடிவாரத்துத் துறையூர், மணப்பாறை, மருங்காபுரி பக்கம் மக்காச்சோளத்தையும் நிலக்கடலையையும் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போகிறது. 'ஊர்லயே ஃபேக்டரி இருக்கு, ஒரு பன்றியைச் சுட முடியலையா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் கொஞ்சம் சுற்றி வரும்.

யார் சுடலாம்?

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த நடைமுறை இதுதான். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரைக்கும் பன்றியைச் சுடவோ பிடிக்கவோ கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ. தாண்டினால்தான் சுடலாம். அதையும் பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான் செய்ய வேண்டும், விவசாயி இல்லை.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம் இருக்கு. ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்றே வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு. அது துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதி. விலங்கைக் கொல்ல வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தனி அனுமதி வேண்டும். வெறும் லைசென்ஸை நம்பிச் சுட்டால் வழக்கு விவசாயி மேல்தான் வரும்.

பெரிய துப்பாக்கி என்றால் நல்லதா?

ஆப்பிரிக்காவில் வேட்டைக்குப் போகிறவர்கள் இதை வருஷக்கணக்காக விவாதிக்கிறார்கள். சுமார் 50 கிலோ எடையுள்ள இம்பாலா மானுக்கும், 200 கிலோவைத் தாண்டும் குடு மானுக்கும் .30-06 ரைஃபிளே போதும் என்பார்கள். எருமை, யானை என்று வந்தால் .375-க்குக் கீழே பல நாடுகளில் அனுமதியே கிடையாது. ஆனால் அனுபவசாலிகள் குழல் அளவை மட்டும் பார்ப்பதில்லை, தோட்டாவையும் பார்ப்பார்கள். முனை மென்மையான தோட்டா உடலுக்குள் விரிந்து, பெரும்பாலும் அங்கேயே வேகத்தை இழக்கும். கெட்டியான முழு உறைத் தோட்டா ஊடுருவி வெளியே போய், பின்னால் நிற்கும் இன்னொரு விலங்கையும் அடிக்கும். திறந்த புல்வெளியிலேயே இந்தப் பயம் இருக்கு என்றால், வயல் நடுவே?

இந்தியாவில் ராணுவம் பயன்படுத்தும் .303, 7.62 மி.மீ. போன்ற அளவுகள் பொதுமக்களுக்குத் தடை. அதனால் லைசென்ஸ்காரர்கள் கையில் அதிகம் இருப்பது .315 ரைஃபிளும் 12 போரும்தான். (ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை நுழையும் அளவு குழல், அதுதான் 12 போர்.) இரண்டுமே காட்டுப்பன்றியைக் கொல்லும். வித்தியாசம் குறி தப்பினால்தான் தெரியும்.

12 போரில் பெரிய ஈயக்குண்டுகள் போட்ட கார்ட்ரிட்ஜ் 30, 40 மீட்டருக்குள்தான் நம்பகமாக வேலை செய்யும். சில நூறு மீட்டரில் குண்டுகளின் வேகம் தீர்ந்துவிடும். ரைஃபிள் தோட்டா அப்படி இல்லை. மேல்நோக்கிப் போய்விட்டால் சில கிலோமீட்டர் தாண்டித்தான் விழும். அதாவது காட்டுக்கும் வயலுக்கும் நடுவே அரசு போட்ட 3 கி.மீ. கோட்டின் நீளத்தையே ஒரு தோட்டா பறந்து கடந்துவிடலாம்.

இதுதான் இந்த விதியில் அதிகம் பேசப்படாத விஷயம். 3 கி.மீ.க்கு அப்பால் என்றால் அது காடு இல்லை; வீடு, பள்ளிக்கூடம், பஸ் போகும் ரோடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீரங்கம் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். மேலூரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கும் இடம் காப்புக்காடு. அங்கிருந்து கிழக்கே போகப்போக வாழைத்தோப்பு, அப்புறம் நெருக்கமான தெருக்கள். சட்டப்படி சுடக்கூடிய தூரம் வரும்போது மனிதர்களும் வந்துவிடுகிறார்கள்.

சரி, 12 போரையே வைத்துக்கொள்ளலாமா? அதிலும் சிக்கல் உண்டு. தூரம் கூடினால் குண்டுகள் சிதறி, பன்றி சாகாமல் காயத்தோடு ஓடும். காயம்பட்ட ஆண் பன்றி மக்காச்சோளக் காட்டுக்குள் பதுங்கினால், மறுநாள் காலையில் களை எடுக்கப் போகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

பரண் இதற்கு ஓரளவு உதவும். தினைப்புனம் காத்த காலத்திலிருந்து நமக்குப் பழக்கமான அதே பரண்தான். உயரத்திலிருந்து கிட்டத்தில் கீழ்நோக்கிச் சுட்டால், தப்பிய தோட்டா மண்ணில் புதையும். கல்பாறை நிலமாக இருந்தால் மட்டும் எகிற வாய்ப்பு உண்டு. முனை விரியும் தோட்டா, பின்னால் மண் கரை, நல்ல வெளிச்சம் மூன்றும் இருந்தால் .315-ஐயும் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியும். திருச்சி தொழிற்சாலையின் 'வித்வன்சக்' மாதிரியான 20 மி.மீ. வரை சுடும் பெரிய துப்பாக்கிக்கு இங்கே வேலையே இல்லை. அது எதிரி வாகனத்தையும் பதுங்குகுழியையும் உடைக்கச் செய்தது.

சுட முடியாத இடத்தில்?

உண்மையில் அதிகம் மாட்டிக்கொள்வது முதல் 3 கி.மீ.க்குள் நிலம் வைத்திருப்பவர்கள். பன்றி முதலில் இறங்குவதே அவர்கள் வயலில்தான். அவர்களுக்குக் கிடைப்பது கூண்டு, அதுவும் 1 கி.மீ.க்கு வெளியே இருந்தால். இந்த விரக்தியில்தான் சிலர் அவுட்டுக்காயும் திருட்டு மின்வேலியும் வைக்கிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. வேலி போட்ட விவசாயி கைதானார்.

கேரளா 2022-ல் வேறு வழியில் போனது. சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடம் கொடுத்து, லைசென்ஸ் உள்ளவர்களையே பயன்படுத்துகிறது. தமிழ்நாட்டில் இப்போதைக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பதுதான் வழி. வயல் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை மனுவிலேயே குறிப்பிட்டு, சேதமான பயிரின் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தால் சுடுவதா, கூண்டா என்பது சீக்கிரம் தெரியவரும்.