இரத்தக் குழாயும் ரேஷன் கடையும்

மாரடைப்பு பணக்காரர் வீட்டு நோயாம்! மூட்டை சுமப்பவனும் தறி ஓட்டுபவனும் 45 வயதில் சாய்வதைக் கண்ட பிறகும் இப்படிப் பேசுவோர் உண்டு.

இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவதே நோயின் மூலம். பயறு, காய்களில் உள்ள நார், குடலில் பித்தநீரைப் பற்றிக்கொண்டு வெளியேறும். ஈடுகட்டப் புதுப் பித்தம் செய்யும் கல்லீரல், இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். கீரையிலுள்ள பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைத் தணிக்கும்.

'கீரை தின்னுங்கள்' என்று உபதேசிப்பது எளிது. கணவனும் மனைவியும் ஷிப்டுக்கு ஓடும் வீட்டில் கீரை ஆய்வது யார்?

உபதேசத்தோடு நில்லாத நாடு ஒன்று உண்டு. பின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் மரம் வெட்டுவோரும் உழவரும் நடுவயதிலேயே மாண்டார்கள். தலைவிதி என்று அவர்கள் ஓயவில்லை. 1971இல் அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் இயக்கம் பிறந்தது. வெண்ணெயும் புகையும் குறைந்தன, காய்கறி கூடியது. சுமார் 40 ஆண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய்ச் சாவு ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது.

நம் ரேஷன் அரிசி பட்டினியை விரட்டியது. அதைப் பழிப்போரோடு நமக்கு உறவில்லை. ஆனால் அதே கடையின் பாமாயிலில் ஏறத்தாழப் பாதி, நிறைவுற்ற கொழுப்பு. பருப்போ குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ! நாலு பேர் வீட்டில், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராம். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினார்கள், நல்ல காரியம். அது மாநிலமெங்கும் வேண்டும். பருப்பை இரட்டிப்பாக்க வேண்டும், பயறும் சேர்க்க வேண்டும். வரும் பட்ஜெட்டிலேயே இதற்குப் பணம் ஒதுக்குமாறு கேட்கிறோம்.