திருடனிடம் இருந்த பொறுமை

 

பெருநாள் தொழுகை முடிந்து, முஸாபஹா செய்து, பகல் உணவும் முடிந்த பின்னர் நம் வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் அரங்கேறும். வெளியூரில் கணினித் துறையில் பணிபுரியும் பிள்ளை சற்றுச் சாயலாம் என்று நினைக்கும் வேளையில், உறவினர் ஒவ்வொருவராகக் கைபேசியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு வருவர். மாமாவின் கைபேசியில் இடமில்லை. திறந்து பார்த்தால் மூன்றாண்டுகளாகச் சேர்ந்த 'ஜும்ஆ முபாரக்' படங்கள். பெரியப்பா பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வைத்த ஜமாஅத் கடிதங்கள், புதிய கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. மாமிக்கு ஹஜ் விண்ணப்பத்தில் கடவுச்சீட்டின் படத்தைப் பதிவேற்ற முடியவில்லை. "ஐந்து நிமிட வேலைதானே" என்று தொடங்குவது அஸர் பாங்கு வரை நீளும்.

எங்கள் குடும்பத்தில் அந்தப் பிள்ளை நான். இருபது ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகிறேன். இதனை ஒரு தொல்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றிய நிகழ்வு ஒன்றை, என் சாச்சியின் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

சாச்சி கணவரை இழந்தவர். ஒரே மகன் துபாயில் இருக்கிறார். அங்கே வாட்ஸ்அப்பில் பேச முடிவதில்லை என்பதால் வேறொரு செயலியின் வழியாகவே மகனைப் பார்த்துப் பேசுவார். ஒரு நோன்புப் பெருநாளன்று, "மகன் பேசுறது கேட்குது, நான் பேசுறது அவனுக்குக் கேட்கலை" என்று மடிக்கணினியைக் கொண்டுவந்தார். ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தது. ஒரே சொடுக்கில் சரிசெய்தேன். அதோடு நின்றிருக்கலாம். "போன பெருநாளுக்கும் இதைத்தானே சாச்சி கேட்டீர்கள்? உங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது" என்று அனைவர் முன்னிலையிலும் சொன்னேன். கூடத்தில் இருந்தோர் சிரித்தனர். சாச்சியும் சிரித்தார். மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பத்து நாள்கள் இருக்கையில் ஊரிலிருந்து உம்மா அழைத்தார். சாச்சியின் வங்கிக் கணக்கிலிருந்து 86,000 ரூபாய் போய்விட்டது. உம்ராவுக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். வங்கி அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவன், விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று அச்சுறுத்தி, கைபேசியில் ஒரு செயலியை நிறுவச் செய்திருக்கிறான். அச்செயலியின் வழியே சாச்சியின் திரையில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்திருக்கிறது; வங்கி அனுப்பிய ஓடிபி எண் உட்பட.

செய்தி கேட்டு ஊருக்குச் சென்றேன். "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாச்சி?" என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "உனக்குப் போன் போட எடுத்தேன் வாப்பா. இதுகூடத் தெரியாதான்னு நீ கேட்பியேன்னு வச்சுட்டேன். அவன் பொறுமையாப் பேசினான். நான் தப்பா அழுத்தினப்பகூட, பரவாயில்லைம்மா, திரும்ப அழுத்துங்கன்னு சொன்னான்."

திருடனிடம் இருந்த பொறுமை என்னிடம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை இன்றளவும் என்னால் கடக்க இயலவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணம் போனது சாச்சிக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. நான்கு நாள்கள் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். இத்தகைய மோசடி நிகழ்ந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். திருடப்பட்ட பணம் கணக்குவிட்டுக் கணக்கு மாறிக் கைக்குப் போய்ச் சேர்வதற்குள் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் மிகுதி. அந்த மணி நேரங்களை எங்கள் வீட்டுச் சிரிப்பு விழுங்கிவிட்டது. புகார் பதிவாயிற்று; பணம் இன்றுவரை திரும்பவில்லை.

உறவைப் பேணுதல் குறித்து நாம் ஏராளமான பயான்களைக் கேட்டிருக்கிறோம். ஸலாம் சொல்வதும், நோய் விசாரிப்பதும், வலீமாவுக்குச் செல்வதும், தேவையுள்ள உறவினருக்குக் கொடுத்து உதவுவதும் அதில் அடங்கும் என்பதை அறிவோம். இன்றைய நம் வாழ்வில், ஓய்வூதியமும் வங்கியும் மருத்துவமனை முன்பதிவும் கடல் கடந்த பிள்ளையின் முகமும் ஒரு கண்ணாடித் திரைக்குள் போய்விட்டன. அத்திரையின் முன் திகைத்து நிற்கும் உறவினருக்குக் கைகொடுப்பதும் உறவைப் பேணுவதே என்பது என் உறுதியான கருத்து. அக்கடமை கருவி சரியானதும் முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை கேட்பதற்கு அவர்களுக்குத் துணிவு இருக்கும்படி நடந்துகொள்வதில்தான் அது நிறைவுறுகிறது.

முஆவியா பின் அல்ஹகம் (ரலி) அவர்கள் தொழுகையின் நடுவே, தும்மியவருக்கு மறுமொழி கூறிவிட்ட நிகழ்வு ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. சுற்றி நின்றோர் அவரை முறைத்தனர். தொடையில் தட்டி அடக்கினர். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அடிக்கவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதர்களின் பேச்சுக்கு இடமில்லை என்பதை மட்டும் எடுத்துரைத்தார்கள். அவர்களைவிடச் சிறந்த ஓர் ஆசிரியரைத் தாம் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை என்று அந்த நபித்தோழர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். தொழுகையில் நேர்ந்த பிழைக்கே அந்தக் கனிவு என்றால், ஒலிவாங்கிப் பொத்தானை மறந்துபோன மூதாட்டியை ஏளனம் செய்ய நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

பெற்றோரிடம் 'சீ' என்றுகூடச் சொல்லாதிருக்கப் பணிக்கும் பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23 ஆவது வசனத்தை நாம் மனனம் செய்திருக்கிறோம். வாப்பாவின் கையிலிருந்து எலிக்குட்டியை வெடுக்கென்று பிடுங்கி, "விடுங்கள், நானே செய்கிறேன்" என்று நாம் விடும் பெருமூச்சு, 'சீ' என்னும் சொல்லுக்கு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதியோர் மறதியால் மட்டும் தடுமாறுவதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பின் போதும் பொத்தான் இடம் மாறுகிறது, பெயர் மாறுகிறது, நிறம் மாறுகிறது. நேற்று வரை அடுக்களையில் வலப்புறம் இருந்த உப்புச் சாடியை யாரோ இரவோடு இரவாக இடம் மாற்றி வைத்தால் நாமும் தடுமாறத்தான் செய்வோம்.

பொறுமைக்கு அடுத்து வருவது அமானிதம்.

ஒருவர் தம் கைபேசியைப் பூட்டுத் திறந்து நம் கையில் தருகிறார் என்றால், தம் வீட்டுச் சாவியையே தருகிறார். அதில் வங்கி இருப்பு இருக்கிறது. மருத்துவ அறிக்கை இருக்கிறது. மருமகளைப் பற்றி மகளோடு பேசிய குறுஞ்செய்தி இருக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 58 ஆவது வசனம் கட்டளையிடுகிறது. கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் கண்ட செய்தியை மட்டும் நாம் எடுத்துச் சென்றால் அமானிதம் நிறைவேறியதாகுமா?

நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒரு துவாரத்தின் வழியே எட்டிப் பார்த்த மனிதரை அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கோருதல் விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்று விளக்கினார்கள். இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. கதவுத் துவாரத்துக்கு அந்தச் சட்டம் என்றால், ஒரு பெண்ணின் குடும்பப் படங்கள் நிறைந்த கைபேசிக்கு எத்தகைய சட்டம் பொருந்தும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம். துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12 ஆவது வசனம் சேர்த்தே தடுத்திருப்பதும் சிந்திக்கத்தக்கது. முதலாவது நிகழ்ந்துவிட்டால் இரண்டாவது நெடுந்தொலைவில் இருப்பதில்லை. "சரிசெய்யும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது" என்று தொடங்கும் பேச்சு எத்தனை குடும்பங்களில் சம்பந்தப் பேச்சையே முறித்திருக்கிறது!

இங்கே நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பர்தா பேணும் நம் பெண்கள் பலர், தங்கள் படங்கள் இருக்கும் காரணத்தால் கைபேசியைக் கடையில் கொடுக்கவும் தயங்குகின்றனர். மஹ்ரம் அல்லாத உறவுக்காரப் பையனிடம் கொடுக்கவும் கூசுகின்றனர். பழுதான கருவி அலமாரியிலேயே கிடக்கிறது. அதில் உள்ள பேரப்பிள்ளைகளின் படங்களும் அதோடு முடங்கிப் போகின்றன. இதற்கு நல்ல தீர்வு நம் வீடுகளிலேயே இருக்கிறது. நம் பெண்பிள்ளைகள் கணினி அறிவியலில் பட்டம் பெறுகின்றனர். ஆயினும் ஏதேனும் பழுது என்றால், "அண்ணன் வரட்டும்" என்று காத்திருக்கிறோம். உம்மாவின் கைபேசியை மகளே சரிசெய்யட்டும். மாமியின் மடிக்கணினியை மருமகளே பார்க்கட்டும். அவர்கள் கற்ற கல்விக்கு அது மதிப்புமாகும். பெண்களின் அந்தரங்கத்துக்குக் காவலுமாகும்.

உதவி கேட்போருக்கும் சில ஒழுங்குகள் உண்டு. பத்து மணி நேரம் கணினித் திரையைப் பார்த்துவிட்டு வந்தவரிடம், ஸலாம் சொல்லி அமர்வதற்குள் கருவியை நீட்ட வேண்டாம். அவருக்கு எது வசதியான நேரம் என்று கேட்டுக்கொள்ளலாம். கணினி படித்தவர் என்பதால் எல்லாப் பழுதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை; கண் மருத்துவரிடம் பல்வலிக்கு மருந்து கேட்க மாட்டோம் அல்லவா? அவர் "எனக்குத் தெரியாது" என்றால் அதனை ஏற்றுக்கொள்ள வேண்டும். சரிசெய்து தந்தவருக்கு ஒரு துஆ செய்வதில் நமக்கு எதுவும் குறைந்துவிடாது.

சாச்சியின் நிகழ்வுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். விரும்பியோர் பின்பற்றலாம்.

முதலாவது, கருவியை வாங்கி நான் செய்வதில்லை. அது அவர்கள் கையிலேயே இருக்கும். நான் அருகில் அமர்ந்து சொல்வேன். நேரம் மும்மடங்கு ஆகிறது. ஆயினும் அடுத்த முறை அவர்களே செய்துகொள்கின்றனர்.

இரண்டாவது, கடவுச்சொல்லைத் தட்டச்சுச் செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். படங்களையோ செய்திகளையோ திறக்க நேர்ந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்கிறேன். கண்ணில் பட்டது எதுவாயினும் அந்த அறையோடு முடிந்துவிட வேண்டும்.

மூன்றாவது, ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்துகளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் ஒட்டியிருக்கிறோம்: ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு ரகசியக் குறியீட்டை அழுத்தத் தேவையில்லை. பணம் அனுப்புவதற்கே அது தேவை. தொலைபேசியில் யார் சொன்னாலும் எந்தச் செயலியையும் நிறுவக் கூடாது. ஏமாந்துவிட்டால் உடனே 1930. அத்தாளின் கடைசி வரியைச் சாச்சியே சொல்லி எழுதச் செய்தார்: "சந்தேகம் வந்தால் பிள்ளைகளிடம் கேள், யாரும் ஏச மாட்டார்கள்."

நான்காவதுதான் எனக்கு மிகக் கடினமானது. ஒரே கேள்வி பத்தாம் முறை வந்தாலும், முதல் முறை கேட்பது போலவே பதில் சொல்வது. இதில் இன்னும் நான் முழுமையாக வெற்றி பெறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கடந்த மாதம் ஓர் இரவு பத்தரை மணிக்குச் சாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது. மின்கட்டணம் செலுத்தாததால் இன்றிரவே இணைப்புத் துண்டிக்கப்படும் என்று ஒரு குறுஞ்செய்தியாம். அதில் ஓர் எண்ணும் இருக்கிறதாம். "கோவிச்சுக்காதே வாப்பா, தூங்கிட்டியோ என்னவோ. இந்த நம்பருக்குப் பேசலாமா?" என்று கேட்டார்.

"பேசாதீர்கள் சாச்சி. அது பொய்ச் செய்தி. நல்லவேளை கேட்டீர்கள்" என்றேன். எனக்கு உறக்கம் கலைந்தது உண்மைதான். ஆனால் அல்ஹம்துலில்லாஹ், அந்த இரவில் அவர் என்னைத்தான் அழைத்தார்.

நம் உறவினர் அச்சமின்றி நாடி வரும் மனிதர்களாக நம் ஒவ்வொருவரையும் அல்லாஹ் ஆக்குவானாக! சாச்சியின் உம்ரா ஆசையை அவன் தன் அருளால் நிறைவேற்றித் தருவானாக! ஆமீன்.