சீனி போடாதது வேறு, சீனி இல்லாதது வேறு

கடந்த நோன்புப் பெருநாளுக்கு எங்கள் வீட்டுப் பலகாரத் தட்டில் நான் செய்த சொக்லட் உருண்டைகளும் இருந்தன. பேரீச்சம்பழம், கஜு, கொக்கோத் தூள், கொஞ்சம் கித்துள் பாணி. வெள்ளைச் சீனி ஒரு சிட்டிகையும் சேர்க்கவில்லை. "இது சீனி இல்லாத சொக்லட்" என்று வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் உம்மும்மாவுக்குச் சீனி வருத்தம். பிளேன்டீக்குச் சீனி போடுவதை விட்டுப் பதினொரு வருடமாகிறது. பெருநாளன்று வட்டிலப்பத்தில் ஒரு தேக்கரண்டி, தொதலில் ஒரு சிறு துண்டு, அதற்கு மேல் அவரது கை நீளாது. அன்று என் உருண்டைகளில் நான்கைச் சாப்பிட்டார். அஸருக்குப் பிறகு தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டார். வாப்பா மெஷினில் சீனி பார்த்தபோது 312 காட்டியது. உடனே டொக்டரிடம் கொண்டு போனோம். அல்ஹம்துலில்லாஹ், பெரிதாக எதுவும் ஆகவில்லை. திரும்பி வரும் வழியில் உம்மும்மா என்னைக் கோபிக்கவில்லை. "சீனி இல்லண்டு நீ சொன்னாய்தானே மகள், அதனாலதான் நாலு திண்டன்" என்றார். அவ்வளவுதான்.

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. அடுத்த நாள் பேனையை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் 60 கிராமுக்கு மேல் இருப்பது சீனிதான். நான் அரைக் கிலோ பழத்தில் இருபது உருண்டை பிடித்திருந்தேன். ஒரு உருண்டைக்கு ஏறத்தாழ 15 கிராம் சீனி. தேக்கரண்டிக் கணக்கில் மூன்றுக்கு மேல். நான்கு உருண்டைக்குப் பன்னிரண்டு தேக்கரண்டிக்குக் குறையாது. கித்துள் பாணியை இதில் இன்னும் சேர்க்கவில்லை. பிளேன்டீயில் ஒரு தேக்கரண்டியும் போடாத ஒருவருக்கு நான் கொடுத்தது இதுதான்.

இதிலிருந்து எனக்கு விளங்கிய உண்மை ஒன்று. சீனி போடாதது வேறு, சீனி இல்லாதது வேறு. கருப்பட்டி, கித்துள் பாணி, தேன் எல்லாம் நல்ல பொருள்கள்தாம். வாசமும் ருசியும் வெள்ளைச் சீனியில் கிடைக்காதவை. ஆனால் உடம்புக்குள் போன பிறகு அவையும் சீனியே. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், நாம் குறைக்க வேண்டிய சீனி வகைக்குள் தேனையும் பாணிகளையும் சேர்த்தே சொல்லியிருக்கிறது. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து இருப்பது உண்மை. அது சீனி இரத்தத்தில் கலப்பதைச் சற்றுத் தாமதப்படுத்தலாம், சீனியை இல்லாமலாக்காது.

அப்படியானால் வீட்டில் சொக்லட் செய்வதை விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. கடையில் வாங்கும் மலிவான சொக்லட் பலவற்றில் கொக்கோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். பெட்டியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். எது அதிகம் இருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். பல பெட்டிகளில் முதற் பெயரே சீனிதான். பாலில் கலக்கும் சொக்லட் மாவிலும் இதே கதை. ஆகவே வாங்கும்போது இனிப்புச் சேர்க்காத கொக்கோத் தூள்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். மாத்தளை, கண்டி, குருநாகல் பக்கங்களில் விளையும் கொக்கோ நமக்கு அந்நியமான பொருளும் அல்ல.

வீட்டில் செய்வதன் நன்மை, அளவு நம் கையில் இருப்பது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் மாற்றிச் செய்த முறை இது. விதை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம். வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் 150 கிராம். கொக்கோத் தூள் மூன்று மேசைக்கரண்டி. வறுத்த எள்ளு இரண்டு மேசைக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு. பழத்தைப் பத்து நிமிடம் சுடுநீரில் ஊறவைத்து, நன்றாக வடித்து, கச்சானுடன் சேர்த்து அரைத்து, கொக்கோவும் உப்பும் கலந்து, பாக்களவில் முப்பது உருண்டைகள் பிடித்து எள்ளில் புரட்டினேன். அடுப்பில் வைத்துக் கிண்டும் வேலை இல்லை. தம்பியும் கூட இருந்து உருட்டினான். இதில் ஓர் உருண்டைக்கு ஏறத்தாழ 3 கிராம் சீனி, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. கொக்கோவின் இலேசான கசப்பு நாக்கில் நிற்பதால் ஒன்று இரண்டோடு போதும் என்றாகிவிடுகிறது.

"வருடத்தில் இரண்டு பெருநாள்தானே, அதிலுமா கணக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. வட்டிலப்பத்தையும் தொதலையும் விட்டுவிடச் சொல்ல நான் வரவில்லை. அவை யாரையும் ஏமாற்றுவதில்லை. இனிப்பு என்று தெரிந்தே உம்மும்மா ஒரு தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்கிறார். என் உருண்டைகள்தாம் "ஆரோக்கியம்" என்ற பெயரைப் போட்டுக்கொண்டு அவரை ஏமாற்றின. மேலும், எண்ணிச் சாப்பிடுவது நமக்குப் புதிதா என்ன? நோன்புப் பெருநாள் காலையில் தொழுகைக்குப் புறப்படும் முன் பேரீச்சம்பழத்தை ஒற்றைப்படையாக எண்ணி உண்பது நபிவழி அல்லவா?

ஆகவே தோழியரிடமும் பெற்றோரிடமும் ஒரு சிறு வேண்டுகோள். பெருநாள் பலகாரத்தைப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்பும்போது, வீட்டில் செய்த சொக்லட் பெட்டியோடு ஒரு துண்டுக் கடதாசியும் வையுங்கள். என்ன சேர்த்தோம், கச்சானோ கஜுவோ இருக்கிறதா, எவ்வளவு இனிப்பு என்று நான்கு வரி போதும். கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை அந்த வீட்டில் இருக்கலாம். சீனி வருத்தக்காரர் இருக்கலாம். அவர்கள் முஸ்லிம்களோ, தமிழரோ, சிங்களவரோ, நம் கையால் செய்ததை நம்பி வாயில் வைக்கிறார்கள். அந்த நம்பிக்கையும் ஓர் அமானிதம்தான்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று உம்மும்மாவிடம் தட்டை நீட்டியபோது, "இதில சீனி இருக்கு உம்மும்மா, பேரீச்சம்பழத்துச் சீனி, ஒண்டுக்கு முக்கால் கரண்டி" என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒன்றை எடுத்தார். பாதியைக் கடித்து மீதியை எனக்கு ஊட்டினார். வருகிற பெருநாளுக்கும் அதே உருண்டையைத்தான் செய்யப் போகிறேன், இன்ஷா அல்லாஹ்.